அம்மன் சடையும் யூரியாச் சாக்கும்

மற்ற ஊர்களில் கார்தான் மனிதர்களைச் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போகும். ஆடி வெள்ளிக்கிழமைகளில் பூதலூர்ப் பக்கம் மட்டும் மனிதர்கள் காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கார் மட்டுமா? வேன், டிராக்டர், செங்கல் சூளை லாரி என்று எது எது மூச்சை நிறுத்தியிருந்ததோ அது அத்தனையும் வாய்க்கால் கரைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. வியர்க்க விறுவிறுக்கத் தள்ளியவர்கள் முகத்தில் அப்படி ஒரு பக்தி. தெய்வ தரிசனத்துக்கு வண்டி தள்ளுவதும் ஒரு வேண்டுதல்தானே!

கொட்டகையின் முகப்பில் பெரிய பேனர்: ‘கிளம்பாத வண்டிகளைக் கிளப்பி அருளும் சடைச்சாமி.’

சாமியின் மகிமை ஒன்றா, இரண்டா? இருபது வருஷம் குப்பைமேட்டில் கிடந்த டிராக்டரை ஒரு மந்திரத்தில் உறுமவைத்தாராம். பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் லாரி, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் தானே கிளம்பி வந்து சாமியின் காலடியில் நின்றதாம். அதைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை. ஆனால் பார்த்தவரைப் பார்த்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள்.

சாமி கணக்கில் கிளம்பாத வண்டிக்குள் இருப்பது பேய்; அதற்கு வைத்தியத்தில் மூன்று படி. முதலில் சாமி ஒரு வெண்கல வேலாயுதத்தை எடுத்து வண்டியின் வயிற்றுக்குள் விட்டு நங் நங்கென்று தட்டுவார். சின்னப் பேய்கள் அதிலேயே ஓடிவிடும். அதற்கு மசியாத பேய்க்கு ‘அம்மன் சடை’. அதற்கும் மசியாவிட்டால் உள்ளே இருப்பது கொலைகாரப் பேய். வண்டியை அன்றைக்கே கைமாற்றியாக வேண்டும். கொலைகாரப் பேயை விலைக்கு வாங்க எவன் துணிவான்? உலகத்திலேயே ஒருவர்தான் துணிந்தார். அவர் சாமியின் மச்சினர். அந்தத் தியாகி அடிமாட்டு விலைக்கு வாங்கிய பேய்களெல்லாம் கும்பகோணத்தில் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தன.

இந்தக் கூட்டத்தில்தான் ஆடி இரண்டாம் வெள்ளியன்று வைரக்கண்ணு தன் பழைய வெள்ளைக் காரோடு நின்றுகொண்டிருந்தார்.

வைரக்கண்ணுவுக்கு மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஆறு மா நிலம். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் வானதி தஞ்சாவூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் குளிர்சாதனக் கார் அனுப்புகிறோம் என்றார்கள். ‘என் பொண்ணு என் கார்லதான் மண்டபத்துக்கு வரும்’ என்று வைரக்கண்ணு சொல்லிவிட்டார். சொன்ன பத்தாம் நாள் கார் படுத்துக்கொண்டது.

படுத்துக்கொண்ட விதம்தான் வினோதம். ஹெட்லைட் பளிச்சென்று எரியும். ஹார்ன் ஊரைக் கூட்டும். சாவியைத் திருகினால் மட்டும் ‘டிக்’. மறுபடி திருகினால் மறுபடி ‘டிக்’. தள்ளிவிட்டால் சமர்த்தாகக் கிளம்பும். டீசல் வண்டி; ஒருதரம் கிளம்பிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும்.

மன்னார்குடியில் பேட்டரிக் கடை வைத்திருப்பது அவருடைய சொந்தத் தங்கை அகிலாண்டம். புருஷன் இறந்தபிறகு ஆறு வருஷமாகக் கடையைத் தனியாக நடத்துகிறாள். அவளிடம் புது பேட்டரி வாங்கி மாட்டினார். ‘டிக்.’ மெக்கானிக் ராம்கி வந்தான். இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் காலி என்றான். புதிது வாங்கி மாட்டினான். ‘டிக்.’ விடாமல் நாலைந்து தடவை திருகியபோது, ஆக்சிலேட்டர் கேபிளிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. தொட்டுப் பார்த்தால் சுட்டது.

ராம்கி இரண்டடி பின்னால் போனான்.

“அண்ணே, புது பேட்டரி, புது மோட்டார். இதுக்கு மேலயும் கெளம்பலன்னா இது மெசின் கோளாறு இல்ல. உள்ள எதுவோ மூச்சு விடுது. பேசாம பூதலூர் சாமிகிட்ட போயிருங்க.”

தனக்குப் புரியாததெல்லாம் பேய் என்று வைத்துக்கொண்டால் எந்தத் தொழிலும் சுலபம்தான். வைரக்கண்ணுவும் நம்பினார். ‘ரெண்டு சாமானும் மாத்தியாச்சு; வேற என்னவா இருக்கும்?’ என்பது அவருக்குப் பெரிய தர்க்கமாகப்பட்டது.

அகிலாண்டம் மட்டும் போனில், “அண்ணே, ஒருதரம் கடைக்குக் கொண்டாயேன், பாக்குறேன்” என்றாள்.

“நீ பேட்டரி விக்கிறவ. மோட்டார் சமாச்சாரம் உனக்கு என்னா தெரியும்?” என்று வைத்துவிட்டார்.

கொட்டகையில் அவர் முறை வந்தது. சாமி பானெட்டைத் திறக்கச் சொன்னார். வேலால் தட்டினார். ‘டிக்.’ உதட்டைப் பிதுக்கினார். பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணி சுற்றிய முழ நீளச் சடையை எடுத்ததும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மனே தன் கூந்தலிலிருந்து அறுத்துக் கொடுத்த சடையாம். இரண்டு நுனியிலும் செம்பு மின்னியது. சாமி ஒரு நுனியை இன்ஜினின் இரும்பில் கவ்வவைத்தார். மறு நுனியை பேட்டரியில் கறுப்பு ஒயர் மாட்டியிருந்த குமிழில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

“ஓம் க்ரீம்... சாவியைப் போடு!”

வைரக்கண்ணு திருகினார். இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது. அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேவிட்டார்.

அழுகிற மனிதனிடம் எதையும் சொல்லலாம். சாமி சன்னலருகே குனிந்தார்.

“முன் சீட்ல பொட்டில்லாத பொம்பள யாரோ உக்காந்திருக்கா.”

வைரக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என் தங்கச்சிதாங்க. நிச்சயத்துக்குப் புடவை எடுக்கப் போனப்ப...”

“அவ நெழல்தான் வண்டியில ஒட்டிக்கிட்டிருக்கு. இனிமே இதுல ஏறக்கூடாது. கல்யாணத்துல மேடைப் பக்கமும் வரக்கூடாது. வந்தா, இன்னிக்கு வண்டி நின்ன மாதிரி நாளைக்கு உன் பொண்ணு வாழ்க்கை நின்னுபோவும். இதுக்குச் சம்மதிச்சு இன்னும் ரெண்டு வெள்ளி வா. நிரந்தரமா ஒரு சடை கட்டி விடுறேன்.”

பொட்டில்லாத பெண் என்று சாமிக்கு எப்படித் தெரிந்தது? எந்த வீட்டுக் காரிலும் என்றைக்காவது ஓர் அத்தையோ சித்தியோ அப்படி உட்கார்ந்திருப்பாள். இதற்கு ஞானதிருஷ்டி வேண்டாம், வாய் இருந்தால் போதும். வைரக்கண்ணுவுக்கு அது அப்போது தோன்றவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் இன்ஜின் சுகமாக ஓடியது. அவர்தான் இரண்டு இடத்தில் ஓரம் கட்டி நின்று யோசித்தார். தாயை இழந்த வானதிக்குத் துணையாக நின்றவள் அகிலாண்டம். கல்யாணத்துக்குப் புடவை எடுத்தவள், பந்திக்கு ஆள் பேசியவள், பத்திரிகை எழுத்துப்பிழையைத் திருத்தியவள். அவளிடம் போய், ‘நீ மேடைக்கு வராதே’ என்று எந்த வாயால் சொல்வது? மறுநாள் காலை சாவியைப் போட்டார். ‘டிக்.’ பயம் வென்றது. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காரைத் தள்ளிக் கிளப்பி, கடைக்கு ஓட்டிப் போய், தரையைப் பார்த்தபடி ஒப்பித்துவிட்டார். வானதியும் அங்கே இருந்தாள்.

அகிலாண்டம் கையிலிருந்த பேட்டரித் தண்ணீர்க் குப்பியை மூடினாள்.

“ஏன்ணே, அண்ணி போயி நாலு வருஷமாச்சு. நீதான் தெனமும் டிரைவர் சீட்ல உக்காந்திருக்க. பொண்டாட்டிய எழந்தவன் ஸ்டியரிங்கப் புடிச்சா ஒட்டாத நெழலு, புருசன எழந்தவ ஓரமா உக்காந்தா ஒட்டிக்குமா?”

இந்தக் கேள்வி ஏன் தனக்கு வரவில்லை என்பதுதான் வைரக்கண்ணுவை அதிகமாகச் சுட்டது.

“அந்தச் சடை எப்படி இருந்துச்சு? எங்க எங்க வச்சாரு?” என்று அகிலாண்டம் கேட்டாள். சொன்னார். கேட்கக் கேட்க அவள் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

“அத்தை, உங்களுக்கு என்னான்னு தெரிஞ்சுபோச்சு. இப்பவே இங்கயே சரி பண்ணிடுங்க” என்றாள் வானதி.

“பண்ணலாம். பண்ணினா உங்கப்பா, ‘சாமி நேத்து பண்ணுன பூசை இன்னிக்குப் பலிச்சிருச்சு’ன்னு சொல்லும். அடுத்த வெள்ளி எல்லாரும் போவோம். நான் முன் சீட்லயே வர்றேன்.”

அடுத்த வெள்ளி கூட்டம் இன்னும் அதிகம். ஒரு ஸ்பீக்கர் முழங்கியது. முன்வரிசையில் இர்ஃபானா என்ற பெண்மணி தன் பள்ளிக்கூட வேனோடு காத்திருந்தாள். பாபநாசம் பக்கத்திலிருந்து வந்தவள். “உங்க சாமியா எங்க சாமியான்னு பாக்க நேரமில்லக்கா. திங்கக்கெழமை பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போவணும்” என்று வரிசையில் நின்ற ஒருத்தியிடம் சொன்னாள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு முன்னால் எல்லா மதமும் சம்மதம். ராம்கியும் இருந்தான். இன்னொரு வண்டியை அழைத்துக்கொண்டு வந்திருந்தான். கொண்டுவரும் ஒவ்வொரு வண்டிக்கும் சாமி அவனுக்குப் ‘பிரசாதம்’ கொடுப்பது வழக்கம். பிரசாதம் காகித வடிவில் இருக்கும்.

முன் சீட்டிலிருந்து அகிலாண்டம் இறங்கியதும் சாமியின் முகம் கறுத்தது.

“இந்தம்மாவ ஏத்தக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சாமி. நான் ஒண்ணும் தொட மாட்டேன். ஒரே ஒரு சந்தேகம்” என்றாள் அகிலாண்டம். “போன வாரம் அண்ணன் வண்டி மந்திரத்துல கெளம்புச்சா, சடையில கெளம்புச்சா?”

இத்தனை பேர் முன்னால் மந்திரத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

“மந்திரம்தாம்மா உயிரு. சடை வெறும் கருவி.”

“அப்ப கருவிக்கு ஒரு சட்டை போட்டுக்கலாங்களா?” இடுப்பிலிருந்து இரண்டு துண்டு பிளாஸ்டிக் சாக்கை எடுத்தாள். யூரியா மூட்டைச் சாக்கு. கழுவி, காயவைத்து, சின்னதாக வெட்டியது. “சடையோட ரெண்டு நுனியிலயும் இத சுத்திட்டு அதே எடத்துல வைங்க. அதே மந்திரம் சொல்லுங்க. போதும்.”

“தீட்டு! தீட்டு!” என்று பக்கத்தில் மாலை விற்றவர் கத்தினார்.

“என்னாங்க தீட்டு? யூரியா போடாத வயல் இந்தச் சில்லாவுல இருக்கா? அதுல வெளஞ்ச நெல்லத்தான் அம்மனுக்குப் பொங்கலா பொங்குறீங்க.”

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு ஆபத்தான சமாச்சாரம். ஒரு தடவை உள்ளே விட்டால் பயம் இடம் பெயர்ந்துவிடும். “வச்சுத்தான் பாருங்களேன் சாமி, அம்மன் சக்தி ஒரு சாக்குக்கு அடங்கிடவா போவுது?” என்று பின்னாலிருந்து ஒரு பக்தரே குரல் கொடுத்தார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே நம்பிக் கேட்டார். சாமியை மாட்டிவிட்டது அந்த நம்பிக்கைதான்.

சாக்கு சுற்றினார்கள். சாமி சடையை வைத்துக் கண்ணை மூடினார். வைரக்கண்ணு ஓட்டுநர் இருக்கையில் சாவியைப் பிடித்திருந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக, தன் கார் கிளம்பக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். யாரிடம் வேண்டுவது என்பதுதான் தெரியவில்லை.

“ஓம் க்ரீம்... போடு!”

‘டிக்.’

“ஓம் க்ரீம் க்ரீம்!”

‘டிக்.’

“இவ நெழல் விழுந்தா எப்படிக் கெளம்பும்?” என்று சாமி சீறினார்.

“அதானே” என்று சொல்லிவிட்டு அகிலாண்டம் நடந்தாள். கொட்டகையைத் தாண்டி, சாலையைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தின் அந்தப் பக்கம் போய் நின்று, “இவ்ளோ தூரம் போதுங்களா? இன்னும் போவவா?” என்று கூவினாள். வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரைத்து ஓடியது. அவள் நிழல் அதில் விழுந்து நெளிந்ததே தவிர, கார் பக்கம் வரவில்லை.

சாமி ஏழு தெய்வங்களை அழைத்தார். ‘டிக்.’ எட்டாவதாகக் குலதெய்வத்தையும் அழைத்தார். ‘டிக்.’

அகிலாண்டம் திரும்பி வந்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த தடித்த கேபிளை எடுத்து, ஒரு முனையை இன்ஜின் இரும்பிலும் மறுமுனையை பேட்டரிக் குமிழிலும் தன் கையாலேயே மாட்டினாள்.

“நானும் மந்திரம் சொல்றேன், கேளுங்க. மன்னார்குடி, வடுவூர், தஞ்சாவூர், பூதலூர்! உள்ள போ உள்ள போ! படியில நிக்காத! அண்ணே, ரைட்!”

வைரக்கண்ணு திருகினார். கார் உறுமியது.

கூட்டம் போட்ட சத்தத்தில் ஸ்பீக்கரே தோற்றது.

“என்னம்மா இது?” என்றார் லாரியோடு வந்திருந்த செங்கல் சூளைக்காரர்.

அகிலாண்டம் அண்ணனைக் கூப்பிட்டாள். “அண்ணே, வயலுக்கு மடைய நல்லா தொறந்துவிட்டு, வடிகால மட்டும் அடைச்சிட்டா என்னா ஆவும்?”

“தண்ணி தேங்கும். வரப்பு எங்க பலவீனமோ அங்க ஒடைச்சுக்கிட்டு ஓடும்.”

“அவ்ளோதான். பேட்டரியிலேருந்து மோட்டாருக்குப் போற கரண்டு திரும்பி பேட்டரிக்கு வந்தாவணும். வர்ற வழிதான் எர்த்து. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு செம்புப் பட்டை இருக்கும். உன் வண்டியில அது களிம்பேறி அந்துபோச்சு. லைட்டும் ஹார்னும் பாடியில இருக்கு, அதுக்கு வழி இருக்கு, வேலை செய்யுது. மோட்டார் இன்ஜின்ல இருக்கு, அதுக்கு வழி இல்ல. வழி தேடி அந்தக் கரண்டு ஆக்சிலேட்டர் கேபிள்ல பூந்துச்சு. கேபிள் சுட்டுச்சு. அதத்தான் பேய் மூச்சு விடுதுன்னு சொன்னீங்க.”

வைரக்கண்ணு இறங்கி வந்தார். முப்பது வருஷமாக வடிகால் வெட்டுகிற மனிதர். இது புரிய அவருக்கு மந்திரம் தேவைப்படவில்லை. நேராகப் போய் சாமியின் கையிலிருந்த சடையை வாங்கி, மஞ்சள் துணியை உருவினார். உள்ளே நெளிநெளியாகப் பின்னிய செம்புப் பட்டை. நடுவில் ஒரு வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் உரக்கப் படித்தார்.

“எர்த் ஸ்ட்ராப். அதிகபட்ச சில்லறை விலை, எல்லா வரியும் உட்பட.”

அம்மன் கூந்தலுக்கு வரி கட்டியிருந்தார்கள்!

“ராம்கி, மோட்டார மாத்துறதுக்கு முன்னாடி எர்த்தப் பாத்தியாடா?” என்று அகிலாண்டம் கேட்டாள்.

“அது... பாக்கலக்கா” என்று சொல்லிக்கொண்டே அவன் கூட்டத்துக்குள் கரையப் பார்த்தான். சூளைக்காரர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

இர்ஃபானா முன்னால் வந்தாள். “அக்கா, என் வேனயும் பாருங்களேன். போன வாரம் சாமி வேலால தட்டினாரு, கெளம்புச்சு. வீட்டுக்குப் போனா மறுபடி படுத்துருச்சு.”

அகிலாண்டம் ஒரு ஸ்பேனரை எடுத்து அதே இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். வேன் கிளம்பியது. “மோட்டாருக்குள்ள கரண்டு கடத்துற கார்பன் கட்டை தேஞ்சு சிக்கிக்கிட்டிருக்கு. தட்டினா அசைஞ்சு குடுக்கும், மறுபடி சிக்கும். கார்பன மட்டும் மாத்துங்க. வேலுக்கும் ஸ்பேனருக்கும் மோட்டாருக்கு வித்தியாசம் தெரியாது.”

இப்போது எல்லோரும் சாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் ஜடாமுடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதுவும் கழலக்கூடியதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

“அடிக்காதீங்கய்யா. எம் பேரு துரைராசு. பட்டுக்கோட்டையில ஆட்டோ எலக்ட்ரீசியனா இருந்தேன்.”

“தொழில் தெரிஞ்ச ஆளு, ஏன்யா இப்படி?” என்றார் வைரக்கண்ணு.

துரைராசு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கம் கொஞ்சம்; எரிச்சல்தான் அதிகம்.

“ஒர்க்‌ஷாப் வச்சிருந்தேங்க. எர்த் போயிருச்சு, பட்டை மாத்தணும்னு சொல்லுவேன். ‘இந்தத் துண்டுக் கம்பிக்கா இவ்ளோ கேக்குற?’ன்னு சண்டைக்கு வருவீங்க. கடன் சொல்லிட்டுப் போவீங்க. அதே பட்டைய மஞ்சத் துணியில சுத்திப் பேய்னு சொன்னேன். பேரமே இல்ல. கால்ல விழுந்து குடுத்தீங்க.”

கூட்டத்தில் பலர் தங்கள் செருப்பைக் கவனமாகப் பார்த்தார்கள்.

அடி எதுவும் விழவில்லை. உண்டியலைத் திறந்து, காணிக்கையை அவரவருக்குத் திருப்பிக் கொடுக்கவைத்தார்கள். கும்பகோணம் போயிருந்த மச்சினர் அதன்பிறகு பூதலூர் திரும்பவில்லை. அன்று சாயங்காலம்வரை துரைராசுவும் அகிலாண்டமும் சேர்ந்து அங்கிருந்த வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சாமியாக இருந்தபோது பிடிபடாத மூன்று கொலைகாரப் பேய்கள், எலி கடித்த ஒயர்களாக அகப்பட்டன. ஆள் உண்மையிலேயே கெட்டிக்கார எலக்ட்ரீசியன். அதுதான் கொடுமை.

திரும்பும்போது வைரக்கண்ணு முன் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

“அகிலா, நான் உன்ன...”

“மன்னிப்பெல்லாம் வேணாம்ணே. தஞ்சாவூர்ல நிறுத்தி டீ வாங்கிக் குடு. பஸ் மந்திரம் சொல்லி தொண்ட காஞ்சுபோச்சு.”

பின் சீட்டில் வானதி சிரித்த சிரிப்பு கண்ணீரில் போய் முடிந்தது. வைரக்கண்ணு கண்ணாடியில் அதைப் பார்த்தார். டீயோடு வடையும் வாங்கினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் முறைக்காரப் பெண் ஒருத்தி, “அகிலாண்டம் கொஞ்சம் பின்னால நிக்கட்டுமே” என்று வைரக்கண்ணுவின் காதைக் கடித்தாள். அவர் மைக்கைப் பிடித்து, “பொண்ணோட அத்தை மேடைக்கு வந்து தாலிய எடுத்துக் குடுக்கணும்” என்றார். அகிலாண்டம் எடுத்துக் கொடுத்தாள். விளக்கு அணையவில்லை. பந்தல் சரியவில்லை. வானதியும் மாப்பிள்ளையும் இப்போது தஞ்சாவூரில் யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

துரைராசு பூதலூர்ச் சாலையில் சின்னதாக ஒர்க்‌ஷாப் போட்டிருக்கிறார். அதே பட்டை, அதே கை, பத்தில் ஒரு பங்கு கூலி. ஒரு நாளைக்கு இரண்டு வண்டி வந்தால் அதிகம். வருகிறவர்களும் பேரம் பேசுகிறார்கள்.

வாய்க்கால் கரைக் கொட்டகை காலியாகக் கிடக்கிறது. ‘வாடகைக்கு விடப்படும்’ என்று பலகை தொங்குகிறது. எவரோ ஒரு புது சாமி வந்து விசாரித்துவிட்டுப் போனதாகக் கேள்வி. அவர் எதைத் துணியில் சுற்றிக்கொண்டு வரப்போகிறாரோ! எதைக் கொண்டுவந்தாலும் சரி. கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு முன்னால் துணியை அவிழ்த்து, அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கும்பிடுவதற்கு அப்புறமும் நேரம் இருக்கிறது.